கடற்காற்றில் ஒரு புல்லட் எஞ்சினை மினுக்கி வைத்திருப்பது

என் புல்லட் 1989 மாடல். நான் வாங்கும்போது டைமிங் கவர், பிரைமரி கவர், கியர்பாக்ஸ் மூடி என்று எஞ்சினின் அலுமினிய மூடிகளில் ஒன்று விடாமல் யாரோ ஒரு புண்ணியவான் சில்வர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். ஸ்க்ரூ தலை, கேஸ்கட் ஓரம், ஆயில் ஊற்றும் மூடி வரைக்கும் பெயின்ட். தின்னரில் நனைத்த துணியை டைமிங் கவர் மேல் வைத்துத் தேய்த்தேன், பூச்சு கூழாக வந்தது. அதற்கடியில் பளபளவென்று உலோகம் இருக்கும் என்று நினைத்தால், இருந்தது வெள்ளை மாவு. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் கடுகு அளவுக்குக் குழிகள். புண்ணியவான் ஏன் பெயின்ட் அடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும். துணி காயப்போடும் கொக்கி, ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள் எதுவும் இரண்டு வருஷத்துக்கு மேல் உருப்படியாக இருந்ததில்லை. இந்த ஊரில் அலுமினியத்தை வெறும் உடம்போடு விட்டு, அதையும் கண்ணாடி மாதிரி மினுக்கி வைக்க ஆசைப்பட்டது என் கொழுப்புதான். ஆனால் வண்டியை ஒற்றை சீட், குட்டை மட்கார்டு என்று வெட்டி மாற்றிக்கொண்டிருந்தேன், டேங்க் மேட் கறுப்பு, அதற்குக் கீழே எஞ்சின் மட்டும் பழைய காலத்து வெள்ளியாக மின்னினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு வருஷம் ஆகிறது. அந்தப் படம் கிடைத்தது, கிடைப்பதற்குள் என்னென்ன கெடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கெட்டது ஒரு ராக்கர் கவர். எஞ்சினின் உச்சியில், ஹெட்டுக்கு மேலே, இரண்டு சின்ன மூடிகள் இருக்கும், இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று. பழைய பெயின்டும் கருகிய எண்ணெயும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, தின்னருக்கு மசியவில்லை. இரும்புச் சாமானை காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் சுத்தமாக வரும் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் இருந்தது. இரும்புக்குச் சொன்னதை அலுமினியத்துக்குச் செய்தேன். பிளாஸ்டிக் வாளியில் போட்ட உடனே சோடா பாட்டில் திறந்த மாதிரி நுரைத்தது, ஆஹா வேலை செய்கிறது என்று சந்தோஷமாகச் சாப்பிடப் போய்விட்டேன். அந்த நுரை அழுக்கு கரைவது இல்லை, அலுமினியமே கரைந்து ஹைட்ரஜனாகப் பொங்குவது. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தால் கவர் முழுக்க அடுப்புக்கரி நிறம். தேய்த்தால் கையெல்லாம் கறுப்பு. ஓரங்கள் சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி. வார்ப்பில் கலந்திருக்கும் சிலிக்கனும் மற்ற உலோகங்களும் கரையாமல் மேலே தங்குவதுதான் அந்தக் கறுப்பு. வேறு ராக்கர் கவர் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்தது, அதற்காக ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

இதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "இட்லிப் பானைல புளி எதுக்குப் போடுறேன்னு நினைச்சே?" என்றார். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அலுமினிய இட்லிப் பானையில் அந்தத் தண்ணீரை வெறுமனே கொதிக்கவைத்தால் உள்பக்கம் கறுத்துவிடும், ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டால் கறுக்காது. அதே அம்மா அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்க விடவும் மாட்டார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே தன் மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு, சில நானோமீட்டர்தான். பி.ஹெச். (புளிப்பு, காரத்தின் அளவு) 4-லிருந்து 8.5 வரைக்கும் அந்தத் தோல் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலே காரமானாலும் (மிளகாய்க் காரம் இல்லை, சோடாக் காரம்) கீழே புளிப்பானாலும் தோல் கரைந்து, உள்ளே இருக்கும் உலோகம் அடிவாங்கும். போர் தண்ணீர் அந்தக் காரப் பக்கத்து எல்லையை ஒட்டி நிற்பது, கொஞ்சம் புளி அதை இந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. அந்தப் புளியே அதிகமாகி மணிக்கணக்கில் நின்றால் எதிர்ப்பக்கத்தில் அரிக்கும். உப்பு வேறு வழியில் வருகிறது. கடற்காற்றில் வரும் குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே ஊசி குத்தின மாதிரி துளைத்து உள்ளே போகும், குழி விழும், குழிக்குள் ஈரம் நிற்கும், அப்புறம் அது ஆழமாகிக்கொண்டே போகும். என் டைமிங் கவரில் இருந்த கடுகுக் குழிகள் அப்படி வந்தவை.

அதனால் பெயின்டை எடுக்க பெயின்ட் ரிமூவர், தின்னர், மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். வாங்கும் எந்தக் கிளீனராக இருந்தாலும் லேபிளில் காஸ்டிக் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் அலுமினியத்துக்கு ஆகாது. இரும்பு கம்பி பிரஷ், இரும்பு நார் இரண்டும் வேண்டாம். இரும்புத் துணுக்குகள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துகொண்டு, ஒரு மழைக்கு அப்புறம் பழுப்புப் புள்ளியாக எட்டிப்பார்க்கும். எங்கிருந்து துரு வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

உப்புத்தாள் வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் மினுக்கல் என்பது தொண்ணூறு பங்கு இதுதான். பஃபிங் சக்கரம், அதாவது மோட்டாரில் சுற்றும் மெருகுத் துணிச் சக்கரம், அதிசயம் எதுவும் செய்யாது, நீங்கள் விட்ட கோட்டை இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தாளின் நம்பர் கூடக் கூட அது நைஸ். குழி இருந்த டைமிங் கவருக்கு 180-ல் ஆரம்பித்தேன், மற்றவற்றுக்கு 320 போதுமாக இருந்தது. அதற்கு அப்புறம் 400, 600, 800, 1000, 1500. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும், 400-ல் குறுக்காகத் தேய்த்தால் 600-ல் நெடுக்காக. அப்போதுதான் முந்தின தாளின் கோடு எது, இந்தத் தாளின் கோடு எது என்று கண்ணுக்குத் தெரியும். முந்தின கோடு ஒன்று பாக்கி இருந்தாலும் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. நான் போனேன். 1500 முடித்துவிட்டு வெயிலில் தூக்கிப் பார்த்தால் 180-ன் கீறல்கள் மூன்று, பூனை பிறாண்டின மாதிரி, நடு மத்தியில். மறுபடி 320-லிருந்து. 400-லிருந்து வாட்டர் பேப்பரை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்ப்பது நல்லது, வெறும் தாளில் அலுமினியம் அடைத்துக்கொண்டு, அடைத்த உருண்டையே புதுக் கீறல் போடும். தட்டையான இடங்களில் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எங்கே பள்ளம் என்று மை சொல்லிவிடும்.

குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கும் சுற்றியுள்ள உலோகத்தை இறக்கினால்தான் குழி போகும். எல்லாக் குழியையும் துரத்தக் கூடாது என்பது என் கட்சி. வார்ப்பின் மேல்தோல் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக வார்க்கும்போது சிக்கின காற்றுப் புள்ளிகள் வெளிப்படும், ஒரு குழியைப் போக்கப் போய் பத்து ஊசித்துளையைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. என் டைமிங் கவரில் கீழ் ஓரம் இரண்டு குழிகள் இன்னும் இருக்கின்றன. நான் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, கேஸ்கட் உட்காரும் முகத்தை உப்புத்தாள் தொடவே கூடாது. கவரை ஒரு பிளைவுட் பலகையில் வைத்து அதன் ஸ்க்ரூ துளை வழியாகவே முடுக்கிவிட்டால் முகமும் பத்திரம், பிடித்துக்கொள்ளவும் வசதி. பிரைமரி கவரில் நான் இதைச் செய்யவில்லை. புல்லட்டில் அந்தப் பெரிய கவரை நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, சுற்றி ஒரு ரப்பர் வளையம். விளிம்பை ஆசையாகத் தேய்த்து உருட்டிவிட்டேன், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இன்றைக்கும் ஸ்டாண்ட் போட்ட இடத்தில் ராத்திரிக்கு இரண்டு சொட்டு. புல்லட் என்றால் ஒழுகும் என்று சொல்லிச் சமாளிக்கிறேன், உண்மையில் இந்த ஒழுகல் என் கை வேலை.

எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் எஞ்சின் நம்பர் அடித்திருக்கும் இடத்தின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டுத்தான் பக்கத்தில் கை வைக்க வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரைத் தேடுவார்கள், தேய்ந்து போயிருந்தால் மினுக்கினேன் சார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கையாலேயே 1500 வரைக்கும் கொண்டுவந்த பிறகு பஃபிங். வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு பழைய அரை எச்.பி. மோட்டாரில் 8 அங்குலத் துணிச் சக்கரம் மாட்டினேன். நிமிஷத்துக்கு 2,800 சுற்று. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கணக்கை முன்னாடியே போட்டிருக்கலாம். கியர்பாக்ஸ் மூடியின் மேல் விளிம்பு சக்கரத்துக்கு எதிர்முகமாகப் போன ஒரு நொடியில் துணி அதைக் கவ்வி என் கையிலிருந்து பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தது. சுவரில் பிறை மாதிரி ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. மூடியில் மூலை நசுங்கியது. என் வயிற்றில் படாதது பூர்வஜென்மப் பலன்.

அதற்கப்புறம் அம்பத்தூரில் ஒரு சந்துக்குள் பஃபிங் பட்டறை நடத்தும் பெரியவரிடம் போனேன். பெரும்பாலும் ஸ்டீல் கைப்பிடி, குழாய், கட்டில் கால் இதெல்லாம்தான் அவருக்கு வருவது. முகத்தில் துணி கட்டியிருந்தார், கண்ணைச் சுற்றி மட்டும் தோல் நிறம், மற்றதெல்லாம் கறுப்பு. என் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் நல்லா போட்டிருக்கே தம்பி, ஆனா சக்கரத்தோட மேல்பாதியில பிடிச்சிருப்பே, அதான் வாங்கிக்கிச்சு" என்றார். சக்கரம் நம்மை நோக்கி மேலிருந்து கீழே சுற்றுகிறது, பொருளை நடுவுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும், பிடுங்கினாலும் கீழே தரைக்குத்தான் போகும். விளிம்பு எப்போதும் சக்கரம் ஓடும் திசையிலேயே விலகிப் போக வேண்டும், அதை எதிர்த்து நிற்கக் கூடாது. சொல்லிக்கொண்டே செய்து காட்டினார், மூடி அவர் கையில் தோசைக்கல்லில் தோசை நழுவுகிற மாதிரி நழுவியது.

சோப்பு என்றுதான் பட்டறையில் சொல்வார்கள், மெழுகில் குழைத்த பஃபிங் பொடி. முதலில் கெட்டியான நார்ச் சக்கரத்தில் பிரவுன் சோப்பு, அது வெட்டும். பிறகு தளர்ந்த துணிச் சக்கரத்தில் ஒயிட் சோப்பு, அது மெருகேற்றும். ஒரு சக்கரத்துக்கு ஒரு சோப்புதான். பிரவுன் போட்ட சக்கரத்தில் ஒயிட்டைத் தடவினால் இரண்டும் கெட்டது. சோப்பு அதிகமானால் கறுப்புக் கோடாக ஒட்டும், ரொம்ப அழுத்தினால் சூடேறி அலுமினியம் இழுபட்டு, பார்க்க அலை அலையாக ஆகிவிடும். ஸ்க்ரூ துளைகளில் பழைய ஸ்க்ரூவையே போட்டு அடைத்துவிட்டார், இல்லாவிட்டால் சக்கரம் துளையின் ஒரு பக்கத்தை இழுத்து கண்ணீர்த் துளி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுமாம். கடைகளில் மினுக்கி வரும் பல கவர்களில் இதைப் பார்க்கலாம், ஒரு தடவை கண்ணில் பட்டால் அப்புறம் எல்லா வண்டியிலும் அதுதான் தெரியும்.

இரும்பு தேய்க்கும் சக்கரத்திலேயே அலுமினியத்தையும் தேய்க்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மூலையைக் காட்டினார், அலுமினியத்துக்குத் தனி மோட்டார், தனிக் குப்பைத் தொட்டி. அலுமினியத் தூசி லேசான சரக்கு இல்லை, காற்றில் பறக்கும்போது பொறி பட்டால் தீப்பிடிக்கும், துரும்புத் துரும்பாகக் குவிந்த இடத்தில் இரும்புப் பொறி விழுந்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, ஊற்றவும் கூடாது. கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைத் தேய்த்தால் கல்லின் துளைகள் அடைத்து, சூடேறி, கல்லே வெடிக்கலாம். வீட்டில் செய்பவர்கள் மாஸ்க், கண்ணாடி இரண்டும் போடாமல் மோட்டாரை ஆன் செய்யாதீர்கள். தொளதொள சட்டையும் துணிக் கையுறையும் வேண்டாம், சக்கரம் அதையும் கவ்வும்.

ஐந்து உருப்படிக்கு 1,800 ரூபாய் வாங்கினார். வாங்கினதைவிட எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம்.

சரி, இப்போது எனக்கு வயிற்றைக் கலக்கின விஷயம். மினுக்கின கவர்களைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் ஏரியா புல்லட் மெக்கானிக் அண்ணனிடம் பூட்டக் கொண்டுபோனேன். டைமிங் கவரைக் கையில் வாங்கி, வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி உள்பக்கத்தைப் பார்த்து, "உள்ள கழுவினியா?" என்றார். துணியால் துடைத்தேன் அண்ணே என்றேன். அவர் ஒரு ஊசி இல்லாத சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றி, கவருக்குள் இருந்த ஒரு துளையில் வைத்து அழுத்தினார். அந்தப் பக்கத்துத் துளையிலிருந்து இடியாப்பம் பிழிகிற மாதிரி கறுப்பாக ஒரு புழு வெளியே வந்தது. பஃபிங் சோப்பும் அலுமினியத் தூளும்.

இந்த எஞ்சினில் டைமிங் கவர் வெறும் மூடி இல்லை. ஆயில் பம்புகள் அதில்தான் உட்காருகின்றன, எண்ணெய் ஓடும் பாதையே கவரின் உடம்புக்குள் துளைத்திருக்கிறது, அதிலிருந்துதான் கிராங்கின் முனை வழியாக பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) எண்ணெய் போகிறது. அந்தக் கறுப்புப் புழு உள்ளே இருந்தபடி பூட்டி கிக் அடித்திருந்தால், ஒன்று எண்ணெய் போகாது, இல்லையென்றால் எண்ணெயோடு தேய்ப்பு மண்ணும் சேர்ந்து போகும். இரண்டுக்கும் முடிவு எஞ்சினை இறக்கி கிராங்கைப் பிரிப்பதுதான். வெளியே கண்ணாடி, உள்ளே நாசம் என்று ஆகியிருக்கும். அண்ணன் திட்டவில்லை. சிரிஞ்சை என் கையில் கொடுத்து, "வெள்ளையா வர்ற வரைக்கும் அடி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நாற்பது நிமிஷம் அடித்தேன்.

அதிலிருந்து என் வழக்கம் இது. மினுக்கக் கொடுப்பதற்கு முன்னாடியே பம்பு, பிளக், சீல் எல்லாவற்றையும் கழற்றி, துளைகளை மரக்குச்சி சீவி அடைத்துவிடுவேன். வந்த பிறகு மண்ணெண்ணெயில் ஊற வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிஞ்ச். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட வெந்நீர், துளைக்குள் பல் இடுக்குப் பிரஷ். நல்ல தண்ணீரில் அலசி, கம்ப்ரஸர் காற்று இரண்டு பக்கமும், உடனே எஞ்சின் ஆயில். லிக்விடைப் போட்டுவிட்டு ஃபோன் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்தில் அலசிவிட வேண்டும். முதல் ஆயிலை முந்நூறு கிலோமீட்டரிலேயே மாற்றினேன், அண்ணன் சொன்னபடி. வெளிப்பக்கத்தில் கடைசியாகத் தங்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கு மைதா மாவை வெறும் கையால் தூவி, மெத்தென்ற துணியால் துடைத்தால் போகும், சும்மா துடைப்பதைவிட ஒரு சுற்று பளிச்சென்று வரும். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

எல்லாவற்றையும் மினுக்கினேனா என்றால் இல்லை. பீப்பாய், அதாவது சிலிண்டர், இந்த மாடலில் வார்ப்பிரும்பு, அதற்கு மெல்லிசாக ஹீட் பெயின்ட் கறுப்பு. ஹெட்டின் தகடுகளைத் தொடவில்லை, தகடுகளுக்கு இடையில் மினுக்குவது பைத்தியக்கார வேலை, தவிர பளபளப்பான அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவதில் ரொம்பக் கஞ்சம். புல்லட் குளிர்வது பெரும்பாலும் காற்று உரசித்தான், ஆனாலும் சென்னை சிக்னலில் காற்று எங்கே வருகிறது. கிராங்க் கேஸை பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் இழுத்து மங்கலாக விட்டேன். மங்கலுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் கவர்களின் மினுமினுப்பே எடுப்பாகத் தெரிகிறது, எல்லாமே மின்னினால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும்.

அந்தக் கஞ்சத்தனத்தை நான் நேரிலேயே பார்த்தேன். கவர் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் 45 டிகிரி என்றது. நம்பித் தொட்டு விரல் சுட்டுக்கொண்டேன். மினுக்கின உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும், சுற்றி இருக்கும் சுவரின் சூட்டைத்தான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி படிக்கும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டியபோது 90-ஐ ஒட்டி வந்தது, மத்திய கைலாஷிலிருந்து வீடு வரை ஊர்ந்து வந்த பிறகு.

இந்த 90 முக்கியம், ஏனென்றால் அடுத்த கேள்வி எதைப் பூசிப் பாதுகாப்பது என்பது. கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கச் சோதனை வைத்தேன், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பிரைமரி கவருக்கு கிளியர் லாக்கர் ஸ்பிரே, டைமிங் கவருக்கு மெழுகு, கியர்பாக்ஸ் மூடிக்கு ஒன்றுமே இல்லை. முதல் மாதம் லாக்கர்தான் ராஜா. மழை, சேறு எதுவும் ஒட்டவில்லை, மற்ற இரண்டையும் பார்க்கவே பாவமாக இருந்தது. மெழுகு போட்டது பத்து நாள் நன்றாக இருந்து, சூடு அதிகமான மேல்பாகத்தில் முதலில் மங்கியது. ஒன்றும் போடாத மூடி மூன்றாவது வாரமே சாம்பல் பூத்தது.

ஜனவரியில் கதை மாறியது. ஷூ உரசி லாக்கர் பெயர்ந்த ஒரு ஓரத்திலிருந்து, பூச்சுக்கு அடியில், மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பின. உப்பு ஈரம் பூச்சுக்குக் கீழே புகுந்து தானே வழி வெட்டிக்கொண்டு போகிறது. பார்க்கலாம், தொட முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அழுக்கு மாதிரி. அதைச் சரிசெய்ய ஒரே வழி முழு லாக்கரையும் எடுத்துவிட்டு மறுபடி 600-லிருந்து தொடங்குவது. அதே ஜனவரியில் ஒன்றும் போடாத கியர்பாக்ஸ் மூடியை ஆட்டோசால் என்ற உலோக மினுக்குப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு எடுத்துப் பதினைந்து நிமிஷம் தேய்த்தேன், பட்டறையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி ஆகிவிட்டது. தேய்க்கும்போது துணி கறுத்துக்கொண்டே போகும், அழுக்கு போகிறது என்று கறுப்பு நிற்கும் வரை தேய்க்காதீர்கள், நிற்கவே நிற்காது, அது அலுமினியமேதான்.

அனோடைசிங் கேட்டுப் பார்த்தேன், மின்சாரம் விட்டு அந்த ஆக்சைடு தோலைத் தடிமனாக்குவது. தகட்டுக்கும் கம்பிக்கும் அழகாக வரும், சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்புக்கு மினுக்கின மினுக்கல் எல்லாம் போய் சாம்பல் திட்டாக வரும். கிளியர் பவுடர் கோட்டிங் 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைப்பார்கள், பழைய வார்ப்பின் துளைகளில் ஊறின எண்ணெயும் காற்றும் அப்போது குமிழியாக வெளியே வரும். குரோம் எனக்குப் பிடிக்காது, அது வேறு வெளிச்சம். நண்பன் ஒருவன் செராமிக் கோட்டிங் பூசியிருக்கிறான், மெழுகைவிட நாள் தாங்குகிறது, ஆனால் கறை விழுந்துவிட்டால் முதலில் கோட்டிங்கைத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் நிறுத்தி எப்போதாவது எடுப்பவனுக்கு அது சரி. நான் தினமும் ஓட்டுகிறேன், வெறும் உலோகம், அதன் மேல் சூடு தாங்கும் சிந்தெட்டிக் சீலன்ட் மாதம் ஒரு தடவை. அது எந்த நேரமும் அழிக்கக்கூடியது, அதுதான் எனக்கு வேண்டியது.

போன வருஷம் அவசரத்துக்கு ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். பையன் எஞ்சின் மேல் ஏதோ நுரையை அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான், எஞ்சின் சூடு வேறு. நான் பார்ப்பதற்குள் நுரை காய்ந்து, டைமிங் கவரில் மேலிருந்து கீழே வெள்ளை ஒழுகல் கோடுகள். பேஸ்டுக்குப் போகவில்லை, 1000 தாள் போட வேண்டியதாயிற்று. இப்போது யார் கழுவினாலும் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கார் ஷாம்பூ தவிர எதுவும் படக் கூடாது என்று பக்கத்திலேயே நிற்கிறேன், என்னைப் பார்த்தாலே சலித்துக்கொள்கிறார்கள். கழுவின உடனே துடைப்பதும் முக்கியம். போர் தண்ணீர்ச் சொட்டு காய்ந்தால் வட்டமாகத் தடம் வைத்துவிடும்.

ஸ்க்ரூ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கஸ்டம் வண்டி என்றால் உடனே பழைய ஸ்க்ரூவைத் தூக்கிப்போட்டு ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் போடுவது ஒரு சடங்கு. நானும் போட்டேன், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் ஒரு குட்டி பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். இரண்டு வருஷம் கழித்துக் கழற்றும்போது போல்ட் தலையைச் சுற்றி வெள்ளை மாவு, இரண்டு போல்ட் வரவே இல்லை, ஒன்று மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் கிரீஸ் தடவித்தான் போடுகிறேன், ஆலன் தலைக் குழியில் தண்ணீர் நிற்காமல் இருக்க ஒரு சொட்டு கிரீஸ்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், இருபது நிமிஷம். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பேஸ்ட், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு. இதற்கு நேரமில்லை என்று தெரிந்தவர்களுக்கு நான் மினுக்கலைச் சிபாரிசு செய்வதில்லை, பச்சை நார் போட்டு மங்கலாக விடுங்கள் என்கிறேன், கடலோரத்தில் அது பாதி வேலை. அந்தப் பழைய சில்வர் பெயின்ட்காரர் மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை.

பிரைமரி கவரின் லாக்கரை இன்னும் முழுசாக எடுக்கவில்லை. ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு விரல்கடை அளவுக்கு ரிமூவர் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கடியில் அந்த வெள்ளை இழை ஒன்று மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கிறது. எப்படியும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றக் கவரைக் கழற்றத்தான் வேண்டும். வருகிற சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.